லேப் சாவி யாருகிட்ட சார் இருக்கு?

பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கற எல்லா சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

போன ஆகஸ்ட் 2ம் தேதி எங்க ஸ்கூல் பழைய மாணவர் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. தாடி வச்ச ஒல்லியான ஒரு பெரியவர் படம், கீழ "இந்திய வேதியியலின் தந்தை ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் பிறந்த நாள்"னு எழுதி பூ டிசைன் எல்லாம் போட்டு. வரிசையா எல்லாரும் கைகூப்பி போட்டாங்க, எங்க பழைய கெமிஸ்ட்ரி சாரும் ஒண்ணு போட்டாரு. நானும் போடலாம்னுதான் போனேன், போட முடியல. அந்த மனுஷன் வாழ்நாள் பூரா எதுக்காக கத்தினாரோ அதை எங்க ஸ்கூல்ல பூட்டு போட்டு வச்சிருந்தோமே, இப்ப எந்த முகத்தோட கும்பிடறதுன்னு தோணிச்சு. அதான் இந்த லெட்டர்.

முதல்ல என் யோக்கியதையை சொல்லிடறேன். நான் ஒரு மருந்து கம்பெனில க்யூசி லேப்ல, அதாவது மருந்தோட தரத்தை சோதிக்கற லேப்ல இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. பிளஸ் டூ ப்ராக்டிகல்ல முழு மார்க். எப்படின்னு கேளுங்க. எங்க ஸ்கூல்ல லேப் இருந்துச்சு, நல்ல பெரிய ரூம், வருஷத்துக்கு மூணு நாலு தடவை திறப்பாங்க, அதுலயும் ஒரு தடவை ஆயுத பூஜைக்கு. ரெக்கார்ட் நோட்டு முந்தின செட் அண்ணன்கிட்ட வாங்கி பார்த்து எழுதினது, டைட்ரேஷன் (ஒரு கரைசலை சொட்டு சொட்டா விட்டு இன்னொண்ணோட அளவை கண்டுபிடிக்கறது) ரீடிங் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பரீட்சை அன்னிக்கு வெளி ஸ்கூல்ல இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சார் டிபன் சாப்பிட போன நேரத்துல லேப் அட்டெண்டர் அண்ணன் டேபிள் டேபிளா வந்து, டெஸ்ட் ட்யூபை எடுத்து வெளிச்சத்துல பாக்கற மாதிரி பாத்துட்டு "லெட் நைட்ரேட்மா"ன்னு மெதுவா சொல்லிட்டு போனாரு. அந்த உப்பை நான் தண்ணில கரைக்கக்கூட இல்ல. "பழுப்பு நிற வளையம் உருவாகிறது, நைட்ரேட் உறுதி செய்யப்பட்டது"ன்னு அழகா அடிக்கோடு போட்டு எழுதி குடுத்தேன். பழுப்பு வளையத்தை நான் கண்ணால பாத்தது காலேஜ் ரெண்டாவது வருஷம்.

வேலைக்கு சேந்த முதல் வாரம், ப்யூரெட்ல (அளவு கோடு போட்ட நீள கண்ணாடிக் குழாய்) கரைசலை ஊத்திட்டு மேல இருந்த ஃபனலை எடுக்காமலே டைட்ரேஷன் ஆரம்பிச்சேன். பக்கத்து டேபிள் சீனியர் அக்கா ஒண்ணும் திட்டல, வந்து ஃபனலை தூக்கி அதோட நுனில தொங்கிட்டிருந்த ஒரு சொட்டை காட்டினாங்க. "இது எப்ப வேணா விழும், விழுந்தா உன் ரீடிங் பொய்"னாங்க. அடுத்து கீழ ஸ்டாப்காக்குக்கு, அதான் அந்த குட்டி குழாய் திருகுக்கு, அடியில ஒரு காத்துக் குமிழி இருந்துச்சு, அதையும் காட்டினாங்க. பர்மாங்கனேட் மாதிரி அடர் நிற கரைசலுக்கு மேல் விளிம்பை பாக்கணும், மத்த நிறமில்லாத கரைசலுக்கு கீழ் வளைவை பாக்கணும்னு அன்னிக்குத்தான் எனக்கு தெரியும். மாத்திரை சாப்பிடற யாரோ ஒரு நோயாளிக்கும் அந்த ஒரு சொட்டுக்கும் சம்பந்தம் இருக்குங்க. ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கு அது தெரியாது.

சரி, ராய்க்கு வரேன்.

1861ல பிறந்தவர், ஊரு ராருலி, இப்போ பங்களாதேஷ்ல இருக்கற குல்னா பக்கம். வசதியான வீடு, அப்பாகிட்ட ஒரு நல்ல லைப்ரரி. கல்கத்தாவுல ஸ்கூல் படிக்கறப்ப பயங்கரமா சீதபேதி வந்து படிப்பையே விட்டுட்டு ரெண்டு வருஷம் வீட்ல கிடந்தாரு, அந்த ரெண்டு வருஷத்துல அப்பா லைப்ரரிய மேய்ஞ்சு தள்ளிட்டாரு, லத்தீன் வேற தானா கத்துக்கிட்டாரு. அந்த வயிறு கடைசி வரைக்கும் அவருக்கு சரியாகல, சாப்பாடு, தூக்கம், நடை எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சே 82 வயசு வரை ஓட்டினாரு.

கெமிஸ்ட்ரி எப்படி ஒட்டிச்சுங்கறதுதான் எனக்கு முக்கியம். அவர் சேந்தது வித்யாசாகர் நடத்தின மெட்ரோபாலிடன் காலேஜ், ஃபீஸ் கம்மி, ஆனா சயின்ஸ் வகுப்புக்கு பிரசிடென்சி காலேஜுக்கு போய் உக்காந்து கேக்கணும். அங்க அலெக்சாண்டர் பெட்லர்னு ஒரு வெள்ளைக்கார புரொஃபசர், பாடம் நடத்தறதை விட சோதனை செஞ்சு காட்டறதுல கில்லாடி. அதை பாத்துட்டு வந்து சும்மா இருக்க முடியாம, ராயும் கூட படிச்ச ஒரு பையனும் அவன் தங்கியிருந்த இடத்துலயே ஒரு குட்டி லேப் போட்டாங்க. தகர டப்பாவை வச்சு ஆக்சி ஹைட்ரஜன் ஊதுகுழல் (ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து எரிக்கறது) மாதிரி ஒண்ணு தயார் பண்ணி பத்த வச்சா, டமார்னு வெடிச்சுருச்சு. உசுரு தப்பினது பெரிய விஷயம். இன்னிக்கு ஒரு ஸ்கூல்ல இப்படி நடந்தா லேப்பையே சீல் வச்சிருப்போம், டிவில ஸ்க்ரோலிங் ஓடியிருக்கும். (வெடிக்கட்டும்னு சொல்லல மேடம். பையன் செஞ்சு பாக்க ஆசைப்பட்டான், அதை சொல்றேன்.)

அப்புறம் கில்கிறிஸ்ட் ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதி, 1882ல எடின்பரோ போனாரு. க்ரம் ப்ரவுன் அங்க கெமிஸ்ட்ரி புரொஃபசர். 1887ல டிஎஸ்சி, அதாவது அறிவியல் டாக்டர் பட்டம். நடுவுல இந்தியாவை பத்தின ஒரு கட்டுரைப் போட்டிக்கு பிரிட்டிஷ் ஆட்சியை கிழிச்சு எழுதி குடுத்தாரு, பரிசு கிடைக்கல, ஆனா சொந்த செலவுல அச்சடிச்சு வெளியிட்டாரு. 1888ல திரும்பி வந்தா வேலை இல்ல. டிஎஸ்சி பட்டத்தோட கிட்டத்தட்ட ஒரு வருஷம் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் வீட்ல தங்கியிருந்தாரு. 1889ல பிரசிடென்சி காலேஜ்ல தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை, மாசம் 250 ரூபா. அதே தகுதி இருக்கற வெள்ளைக்காரனுக்கு இம்பீரியல் சர்வீஸ்னு மேல்மட்ட பதவி, இவருக்கு அது கிடையாது. ஏன் இப்படின்னு கல்வித்துறை இயக்குனர் கிராஃப்ட்கிட்ட கேக்கப் போனா, உனக்கு வேற தொழில் எவ்ளோவோ இருக்கு, இந்த வேலையில சேரச் சொல்லி யாரும் உன் கழுத்தை பிடிக்கலன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி பதில். நம்ம ஊர்ல கெஸ்ட் லெக்சரரா காலம் தள்ளிட்டிருக்கறவங்களுக்கு இந்த இடம் நல்லா புரியும்.

அவர் சேந்தப்ப காலேஜ் லேப் எப்படி இருந்துச்சு தெரியுமா? பழைய ஒத்தை மாடி கட்டடம், புகை வெளிய போக வழி இல்ல, நாலு பசங்க ஒரே நேரத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விட்டா மூச்சு முட்டும். மனு மேல மனு போட்டு பிரயோஜனம் இல்லைன்னு, ஒரு நாள் பிரின்சிபாலையே கையோட லேப்புக்கு கூட்டிட்டு வந்து நிக்க வச்சிட்டாரு. பிரின்சிபாலுக்கு நுரையீரல் கொஞ்சம் வீக்கு. ரெண்டு நிமிஷம் கூட நிக்க முடியல, வெளிய ஓடிப் போய் மேலிடத்துக்கு காட்டமா ஒரு லெட்டர் எழுதினாரு. 1894ல புது லேப் வந்துருச்சு. உங்க ஹெச்எம் கடைசியா எப்ப லேப்புக்குள்ள வந்து நின்னாங்க? யோசிச்சு பாருங்க, ஐடியா நம்ம ராய் குடுத்தது.

அவர் வகுப்பு எடுத்த விதத்துல எனக்கு பிடிச்சது, சீனியர் புரொஃபசர் ஆனப்புறமும் முதல் வருஷ பசங்களுக்கு தானே பாடம் எடுத்தாரு. மண்ணு ஈரமா இருந்தாத்தான் பானை வனைய முடியும்னு அவருக்கு ஒரு எண்ணம். இப்போ நாம என்ன பண்றோம், பப்ளிக் எக்ஸாம் இல்லாத வகுப்புன்னா யாராவது புது ஆளை தள்ளி விட்டுடறோம். வகுப்புல இங்கிலீஷோட வங்காளத்தையும் கலந்து பேசுவாரு, நடுநடுவுல பழைய கெமிஸ்ட்டுங்க வாழ்க்கைக் கதை. அவர் வகுப்பை பத்தி அவர் மாணவர்கள் வழியா இன்னிக்கும் சுத்தற ஒரு கதை இருக்கு: நல்லா சுட்டு வெள்ளையான எலும்புத் துண்டு ஒண்ணை கையில எடுப்பாரு, இது மாட்டு எலும்பா குதிரை எலும்பான்னு யாராவது சொல்ல முடியுமான்னு கேப்பாரு, கேட்டுட்டு அந்த சாம்பலை எடுத்து வாயில போட்டுக்குவாரு. எரிச்சப்புறம் அது வெறும் கால்சியம் பாஸ்பேட், அதுக்கு ஜாதியும் கிடையாது மதமும் கிடையாது. அந்த காலத்து கல்கத்தா வகுப்புல, ஆசாரமான வீட்டு பசங்க முன்னாடி. ஒரு வாய் சாம்பல்ல கெமிஸ்ட்ரியும் முடிஞ்சுது, சமூக அறிவியலும் முடிஞ்சுது.

நீங்க எலும்பு திங்க வேணாம். ஒரு எலும்பை எரிச்சாவது காட்டலாம்ல.

எலும்புன்னதும் அந்த ஃபேக்டரி கதையை சொல்லாம விட்டா என் மனசு ஆறாது. படிச்ச பசங்க எல்லாம் குமாஸ்தா வேலைக்கு வரிசைல நிக்கறாங்கன்னு அவருக்கு எரிச்சல். 1892ல 700 ரூபாயோட, 91 அப்பர் சர்குலர் ரோட்டுல தான் குடியிருந்த வாடகை வீட்லயே மருந்து, ரசாயனம் தயாரிக்க இறங்கிட்டாரு. முதல்ல எலுமிச்சம்பழத்துல சிட்ரிக் ஆசிட் எடுத்து பாத்தாரு, கட்டுப்படியாகல. அப்புறம் சோடியம் பாஸ்பேட் எடுக்கலாம்னு ராஜாபஜார் கசாப்புக்கடைகள்ல இருந்து மூட்டை மூட்டையா மாட்டு எலும்பு வாங்கி மொட்டை மாடில காயப் போட்டாரு. அவர் நேரம், காலம் தப்பி மழை பிடிச்சிருச்சு. ஒட்டியிருந்த சதை அழுகி புழு வச்சு, காக்கா கூட்டம் வந்து எலும்பை தூக்கிட்டு போய் அக்கம்பக்கத்து வீட்டு மாடிகள்ல போட, பக்கத்து வீட்டுக்காரங்க கார்ப்பரேஷன்ல சொல்லிடுவோம்னு சண்டைக்கு வந்துட்டாங்க. வேற வழியில்லாம ஊருக்கு வெளிய ஒரு இடத்துக்கு எல்லாத்தையும் கொண்டு போய் ராத்திரில எரிச்சாங்க, தீ வெளிச்சத்தை பாத்துட்டு பீட் கான்ஸ்டபிள் ஓடி வந்துட்டாரு, ஏதோ கொலை பண்ணி பொணத்தை எரிக்கறாங்கன்னு. கம்பை விட்டு கிளறி மாட்டு எலும்புதான்னு காட்டினப்புறம்தான் ஆள் நகர்ந்தாரு.

அந்த சாம்பல்ல கந்தக அமிலத்தை விட்டு, அப்புறம் சோடாவை சேத்து, வடிகட்டி, காய்ச்சினா பாஸ்பேட் ஆஃப் சோடா. பிளஸ் ஒன் பையனுக்கே சமன்பாடு தெரியும். அந்த சமன்பாட்டுக்குள்ள புழு, காக்கா, போலீஸ்காரர் எல்லாம் இருக்காங்கன்னு நம்ம புக்குல போடறதில்ல.

அந்த வீட்டு ஃபேக்டரிதான் 1901ல பெங்கால் கெமிக்கல் அண்ட் ஃபார்மசூட்டிகல் ஒர்க்ஸ்னு லிமிடெட் கம்பெனி ஆச்சு. சும்மா ஆகல, ஆரம்பத்துல கூட நின்ன ரெண்டு பேரை பறிகொடுத்தாரு, ஒருத்தர் பிரஸ்ஸிக் ஆசிட்ங்கற கொடிய சயனைடு விஷ விபத்துல, இன்னொருத்தர், டாக்டர் அமூல்ய சரண் போஸ், பிளேக்ல. வெளிநாட்டு மருந்து வேலையோட நம்ம நாட்டு மூலிகைகளையும் சுத்தமா தயாரிச்சு பாட்டில்ல அடைச்சாங்க, வாசகா சிரப், கால்மேக், அக்வா டைகோடிஸ். பேரை பாத்து பயப்படாதீங்க, வாசகான்னா நம்ம ஆடாதொடை, கால்மேக் நிலவேம்பு, அக்வா டைகோடிஸ் வேற ஒண்ணும் இல்ல, நம்ம பாட்டி குடுக்கற ஓம வாட்டர். கம்பெனி இன்னிக்கும் இருக்கு, மத்திய அரசு கைல. 2020ல கொரோனா நேரத்துல ஹைட்ராக்சிகுளோரோகுயின்ங்கற மலேரியா மாத்திரை பேச்சு வந்தப்ப திடீர்னு நியூஸ்ல அடிபட்டுச்சே, அதே கம்பெனிதான்.

க்யூசி ஆளா எனக்கு ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு. வேலைக்கு சேந்த புதுசுல மூணு வருஷம் நெய்யையும் கடுகு எண்ணெயையும் வச்சு மல்லுக்கட்டினாரு. கலப்படத்தை கண்டுபிடிக்கணும்னா முதல்ல கலப்படமே இல்லாத சாம்பிள் வேணும்ல? கடைல வாங்கினத நம்ப மாட்டேன்னு தன் கண்ணு முன்னாடி மாட்டை கறக்க வச்சு, அந்த பால்ல இருந்து வெண்ணெய் எடுத்து நெய் உருக்கி, தானே நின்னு கடுகை ஆட்ட வச்சு எண்ணெய் எடுத்து, அதை அளவுகோலா வச்சுக்கிட்டாரு. இன்னிக்கு நாங்க ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டுன்னு சொல்லி ஃப்ரிட்ஜ்ல பூட்டி வச்சிருக்கோமே, அதுக்கு அந்த மாட்டு தொழுவத்துல நின்னாரு மனுஷன்.

அவரோட பெரிய கண்டுபிடிப்பு மெர்குரஸ் நைட்ரைட்ங்கற பாதரச உப்பு, 1896ல வெளியிட்டாரு. அது நடந்த விதத்தை வகுப்புல சொல்லலாம். அவருக்கு தேவைப்பட்டது மெர்குரஸ் நைட்ரேட், அதுக்காக பாதரசத்து மேல தண்ணி கலந்த நைட்ரிக் ஆசிட்டை ஊத்தி சூடு பண்ணாம வச்சிருந்தாரு. பாதரசத்து மேல மஞ்சளா படிகம் படிஞ்சிருந்துச்சு. ஏதோ பேசிக் சால்ட்டா (காரத்தன்மை உள்ள உப்பு) இருக்கும்னு முதல்ல நினைச்சாரு, ஆனா இவ்ளோ ஆசிட் இருக்கற இடத்துல பேசிக் சால்ட் எப்படி வரும்னு உறுத்திச்சு. உறுத்தினதை விடாம சோதிச்சு பாத்தா நைட்ரைட். அவ்ளோதான் விஷயம், ஆனா அந்த "எப்படி வரும்"ங்கற கேள்விதான் அடுத்த பல வருஷ வேலைக்கு வாசல், வரிசையா எத்தனையோ நைட்ரைட்டுகள், 1912ல லண்டன்ல அமோனியம் நைட்ரைட்டை சிதையாம ஆவியாக்கி காட்டினப்ப நோபல் பரிசு வாங்கின கெமிஸ்ட் வில்லியம் ராம்சேவே பாராட்டினாரு. என்னை மாதிரி "படிகம் உருவாகிறது"ன்னு ரெக்கார்டுல முன்னாடியே எழுதி வச்சிருந்தா அந்த மஞ்சளை பாத்திருப்பாரா? நைட்ரைட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் வித்தியாசம் நம்ம லேப்லயே காட்டலாம், நீர்த்த அமிலம் விட்டாலே பழுப்பு புகை கிளம்புச்சுன்னா நைட்ரைட், நைட்ரேட்டுக்கு அடர் அமிலமும் செம்பு துருவலும் வேணும். அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துட்டேன். அவர் "இந்து ரசாயன வரலாறு"ன்னு ரெண்டு வால்யூம் எழுதினாரு, முதல் வால்யூம் 1902ல வந்துச்சு. பழைய ரச சாஸ்திர (பாதரசத்தையும் உலோகத்தையும் மருந்தாக்கற கலை) ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி எல்லாம் ஊர் ஊரா தேடி சேத்து, நம்ம முன்னோர் பாதரசம், கந்தகம், உலோகம் இதுல எல்லாம் என்ன பண்ணாங்கன்னு எழுதினாரு. வெறும் பெருமை பேசற புக்கு இல்ல. அப்படி இருந்த விஞ்ஞானம் ஏன் செத்துச்சுன்னு அதே புக்குல கேக்கறாரு, பதிலும் சொல்றாரு: ஜாதி. கையால செய்யற தொழில் எல்லாம் கீழ் ஜாதிக்குன்னு தள்ளிட்டு, படிச்சவன் கையை கழுவிட்டு விலகி உக்காந்துட்டான், செய்யறவனுக்கு ஏன்னு கேக்க படிப்பில்ல, படிச்சவனுக்கு எப்படின்னு தெரிய கையில்ல, அங்க போச்சு எல்லாம்னு. 120 வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. பூட்டின லேப் வாசல்ல நின்னு இதை படிச்சு பாருங்க, சுருக்குன்னு இருக்கும்.

அதுலயே ரசேந்திர சிந்தாமணிங்கற பழைய நூல்ல இருந்து ஒரு இடத்தை எடுத்துக் காட்டறாரு. அந்த நூலாசிரியர் சொல்றாரு, பெரியவங்க சொல்லி எவ்ளோவோ கேட்டிருக்கேன், ஆனா நானே செஞ்சு பாத்து சரி வராத எதையும் எழுதல. சொல்லிக் குடுக்கறதை செஞ்சு காட்டறவன்தான் ஆசிரியன், கத்துக்கிட்டதை திருப்பி செய்யறவன்தான் மாணவன், மத்தவங்க எல்லாம் மேடை நடிகருங்கன்னு. அந்த பரீட்சை அன்னிக்கு நானும் நடிச்சேன், அட்டெண்டர் அண்ணனும் நடிச்சாரு, டிபன் சாப்பிட்டு வந்த எக்ஸ்டர்னலும் நல்லாவே நடிச்சாரு.

உங்க பக்கம் இருக்கற கஷ்டம் எனக்கு தெரியாம இல்ல. ஒரு செக்ஷன்ல 60 பசங்க, எமிஸ்ல (கல்வித்துறை ஆன்லைன் பதிவு) விவரம் ஏத்தற வேலை, எலக்ஷன் வேலை, கெமிக்கலுக்கு ஃபண்ட் லேட்டா வரும், நீட்டுக்கு ஓஎம்ஆர் பயிற்சி, ஆசிட் யார் மேலயாவது பட்டா பேரன்ட்ஸ் வாசல்ல. எல்லாம் நியாயம். ராய்க்கும் புகை நிறைஞ்ச லேப்பும் 250 ரூபாயும்தான் குடுத்தாங்க. அவர்கிட்ட படிச்சவங்க பேரை பாருங்க, பெரிய இயற்பியல் விஞ்ஞானிகளான மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஐஐடி கரக்பூருக்கு முதல் டைரக்டரா போன ஞான் சந்திர கோஷ், கெமிஸ்ட் நீல்ரத்தன் தர். 1916ல பிரசிடென்சில இருந்து ரிட்டையர் ஆகி கல்கத்தா யுனிவர்சிட்டி சயின்ஸ் காலேஜுக்கு போனாரு, 60 வயசு ஆனப்புறம் 1921ல இருந்து சம்பளத்தை தொடவே இல்ல, அப்படியே யுனிவர்சிட்டிக்கு எழுதி குடுத்துட்டு அந்த காலேஜ்லயே ஒரு ரூம்ல இருந்தாரு, கல்யாணம் பண்ணிக்கல, கூட எப்பவும் சில ஏழை மாணவர்கள். 1922ல வடக்கு வங்காளத்துல வெள்ளம் வந்தப்ப மொத்த நிவாரண வேலையையும் தலையில போட்டுக்கிட்டாரு. 1944 ஜூன் 16, அதே ரூம்ல இறந்தாரு. இதெல்லாம் உங்களை செய்ய சொல்லல, சம்பளத்தை விட்டுக் குடுங்கன்னு சொல்ற அளவுக்கு எனக்கு தைரியமும் இல்ல.

நான் கேக்கறது சாவி மட்டும்தான். வாரத்துக்கு ரெண்டு பீரியட், 60 பேரை நாலா பிரிச்சா 15 பேர், ஒரு சோதனை. சோடாவும் வினிகரும் போதும், செம்பருத்தி பூவை கசக்கி இண்டிகேட்டர் பண்ணலாம், மார்க்கெட்ல எலும்பு சும்மாவே குடுப்பாங்க. ரெக்கார்டை மட்டும் செஞ்சு முடிச்சப்புறம் எழுத சொல்லுங்க, ரீடிங் தப்பா வந்தா தப்பாவே எழுதட்டும்.

எனக்கு ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு. ப்யூரெட் கழுவ, ஸ்டாப்காக்குக்கு கிரீஸ் போட, லேபிள் அழிஞ்சு போன பாட்டில்ல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க ஆள் வேணும்னா கூப்பிடுங்க, பஸ் காசு கூட வேணாம், வரேன். ஃபனலை எடுக்கணும்னு பசங்களுக்கு நானே சொல்லித் தரேன்.

இப்படிக்கு,
பழுப்பு வளையத்தை பாக்காமலே முழு மார்க் வாங்கின ஒரு பழைய மாணவி